பழைய மணிக்கூடு சேர்க்க வருகிறவர்களே, முதலில் பாலிஷ் துணியைக் கீழே வையுங்கள்

மாமா 1977இல் குவைத்துக்குப் போனவர். முதல் லீவில் வந்திறங்கியபோது இடது கையில் ஒரு ராடோ மணிக்கூடு. அதன் பின்மூடியில் இரண்டு கடற்குதிரை செதுக்கியிருக்கும். அதைத் தடவிப் பார்க்கவென்றே சின்ன வயதில் அவர் மடியில் ஏறுவேன். அவர் காலமான பிறகு மாமி அதை எனக்குத் தந்தார். கண்ணாடி மங்கி, டயலின் ஓரம் பழுப்பேறி இருந்தது. "புதுசு மாதிரி ஆக்கித் தாங்க" என்று ஒரு கடையில் கொடுத்தேன். இரண்டு கிழமையில் பளபளவென்று வந்தது. டயலுக்குப் புதுப் பெயின்ற், அதன்மேல் புது எழுத்து. கேஸை, அதாவது மணிக்கூட்டின் வெளிக்கூட்டை, பாலிஷ் சக்கரத்தில் பிடித்துத் தேய்த்திருந்தார்கள். கடற்குதிரைகளைக் காணோம். விரலால் தடவினால் லேசாக ஒரு மேடு தட்டுப்படும், அவ்வளவுதான். கடைக்காரரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் கேட்டதைத்தானே செய்தார்.

நம் பக்கத்தில் பழசைப் புதுசாக்குவதுதான் ஒரு பொருளுக்குச் செய்கிற மரியாதை. பித்தளை விளக்கைப் புளி போட்டு மினுக்கி வளர்ந்த கைகள் நமது. பழைய மணிக்கூடு சேர்க்க வந்தால் அந்தக் கையைத்தான் முதலில் கட்டிப்போட வேண்டும். இந்த உலகத்தில் காசு கொடுக்கிறவர்கள், யாரும் கை வைக்காத பொருளுக்குத்தான் கொடுக்கிறார்கள். கீழே உள்ள ஒவ்வொரு படியும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும்.

முதல் படி: மூன்று மாதம் எதையும் வாங்காதீர்கள்

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ இருந்துகொண்டு ஜெனீவா ஏலத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட வேண்டியதில்லை. நம்மூர் அலுமாரிகளே போதும். எழுபதுகளின் நடுவிலிருந்து வளைகுடாவுக்குப் போனவர்கள் காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, அக்கரைப்பற்று என்று எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். முதல் லீவில் வரும்போது அவர்கள் கொண்டுவந்தது ஒரு செண்ட் போத்தல், ஒரு ரேடியோ, ஒரு மணிக்கூடு. அது பெரும்பாலும் ராடோ, சீக்கோ 5, சிட்டிசன், ஓரியன்ட், ரிக்கோ ஆகியவற்றில் ஒன்றாக இருக்கும். இவை போக, கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குப் போட்டவை உண்டு, ஓய்வுபெற்ற வாத்தியார்களுக்குப் பழைய மாணவர்கள் கொடுத்தவை உண்டு. ரோமர், டைட்டோனி, ஃபாவ்ரே லூபா எல்லாம் இந்த வழியில் வந்தவைதான்.

அதனால் முதல் மூன்று மாதமும் உங்கள் வேலை பார்ப்பதும் கேட்பதும்தான். சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் "பெரியப்பா, உங்கட பழைய மணிக்கூடு இருக்கா, ஒருக்காப் பார்க்கலாமா" என்று கேளுங்கள். யாரும் கோபிக்கப் போவதில்லை. லாச்சியைத் திறந்து, கதையோடு சேர்த்து எடுத்துத் தருவார்கள். அந்தக் கதையையும் எழுதி வையுங்கள். யார், எந்த நாட்டில், எந்த ஆண்டில் வாங்கினார் என்ற விவரம் பிறகு உதவும்.

வளைகுடாவிலிருந்து வந்தவற்றில் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். ஒன்று, கிழமைப் பெயர் அரபியில் ஓடுகிற சீக்கோ. அந்தச் சந்தைக்கென்றே அப்படிச் செய்து அனுப்பினார்கள். நம்மூரில் சிலர் "வாசிக்கத் தெரியல்ல" என்று கிழமைத் தட்டையே மாற்றிப்போடுகிறார்கள். தயவுசெய்து மாற்றாதீர்கள். இரண்டாவது அரிதிலும் அரிது: டயலிலோ பின்மூடியிலோ ஓர் அரசு முத்திரை. ஓமானின் சுல்தான் காபூஸ், கஞ்சர் என்கிற வளைந்த கத்தி முத்திரை போட்ட ரொலெக்ஸ்களைச் செய்வித்துப் பரிசளித்து வந்தார். அந்த முத்திரை இருந்தால், ஏலத்தில் அதே மாதிரியின் சாதாரண டயலை விடப் பல மடங்கு போகும். உங்கள் ஊரில் ஒன்று கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அரண்மனையிலும் படையிலும் வேலை பார்த்து வந்தவர்கள் நம்மிடையே உண்டு. முத்திரையை அழுக்கு என்று நினைத்து யாரும் தேய்த்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இரண்டாம் படி: வகை தெரிந்துகொள்ளுங்கள்

இது சின்னப் பாடம். சாவி கொடுத்து ஓடுவது ஒரு வகை. கையசைவில் தானே சாவி ஏறிக்கொள்ளும் ஓட்டோமெட்டிக் இன்னொன்று. பற்றரியில் ஓடும் குவாட்ஸ் மூன்றாவது. முதல் குவாட்ஸ் கைக்கடிகாரத்தை சீக்கோ 1969 டிசம்பர் 25ஆம் திகதி டோக்கியோவில் விற்பனைக்கு வைத்தது. பெயர் ஆஸ்ட்ரான், விலை 4,50,000 யென். அன்றைக்கு ஒரு சின்னக் கார் வாங்கலாம். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் குவாட்ஸ் தெருக்கடை விலைக்கு இறங்கியது. சுவிஸ் மணிக்கூட்டுத் தொழிலில் சுமார் 90,000 பேராக இருந்த வேலையாட்கள் எண்பதுகளின் நடுவில் சுமார் 30,000 ஆனார்கள். நம்மூரிலும் சாவி மணிக்கூடுகள் கழன்று லாச்சிக்குள் போனது அப்போதுதான். பற்றரி மணிக்கூடு வந்து பழசைத் தள்ளிவைத்திராவிட்டால் இத்தனை உருப்படி தேயாமல் மிஞ்சியிருக்காது.

புதியவர்கள் எல்லோரும் செய்கிற ஒரு பிழை. எழுபது, எண்பதுகளின் சீக்கோ 5இல், குறிப்பாக உள்ளே ஓடுகிற மெஷினின் இலக்கம் 7009 என்று உள்ளதில், திருகியைச் சுற்றினால் சாவி ஏறாது. அது பழுதில்லை, அமைப்பே அப்படித்தான். கையில் பிடித்து இருபது முப்பது தடவை மெதுவாக ஆட்டுங்கள், செக்கன் முள் நடக்கத் தொடங்கும். "ஓடாத வோச்" என்று சொல்லி ஒருவர் எனக்குக் கொடுத்த மணிக்கூடு வீட்டுக்கு வருகிற வழியிலேயே, பஸ் குலுக்கலில் ஓடத் தொடங்கிவிட்டது. மறுநாள் போய் மிச்சக் காசைக் கொடுத்தேன். வாங்க மறுத்துவிட்டார், அது வேறு கதை.

இன்னொன்று: திகதியை இரவு 9 மணிக்கும் விடிய 3 மணிக்கும் இடையில் மாற்றாதீர்கள். திகதியைத் தள்ளும் பல்லு அந்த நேரத்தில்தான் தட்டோடு கொளுவியிருக்கும். திருப்பினால் முறியும்.

மூன்றாம் படி: கையில் எடுத்தால் என்ன பார்ப்பது

நல்ல வெளிச்சமும் ஒரு பூதக்கண்ணாடியும் வேண்டும். கைத்தொலைபேசிக் கமராவைக் கிட்டப் பிடித்து எடுத்துப் பெரிதாக்கினாலும் போதும்.

முதலில் டயல். விலையில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது. நிறுவனம் அச்சடித்த எழுத்து எவ்வளவு சின்னதாக இருந்தாலும் ஓரம் கூர்மையாக இருக்கும். மறுபடி பெயின்ற் அடித்ததில் எழுத்து கொஞ்சம் தடித்து, மையூறியது போலத் தெரியும். வரி லேசாகச் சரிந்திருக்கும். நிமிடக் கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை சரியாக இருந்தாலும் இடைவெளி காட்டிக்கொடுக்கும். மாமாவின் ராடோவில் 7க்கும் 8க்கும் இடையில் ஒரு கோடு பக்கத்துக் கோட்டோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஒருமுறை கண்ணில் பட்ட பிறகு நேரம் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் கண் அங்கேதான் போகிறது. ஓட்டோமெட்டிக் ராடோவின் டயலில் ஒரு குட்டி நங்கூரம் இருக்கும். கையை அசைத்தால் அது ஆட வேண்டும். ஆடாமல் ஒட்டிக்கிடந்தால் கேள்வி கேளுங்கள்.

6 மணிக்குக் கீழே, டயலின் விளிம்பில், 'சுவிஸ்' என்ற சொல்லின் பக்கத்தில் ஆங்கில 'டி' எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருளில் ஒளிர்வதற்கு டிரிட்டியம் என்கிற கதிரியக்கப் பொருள் பூசியிருக்கிறார்கள் என்பதற்கு அது அடையாளம். அறுபதுகளிலிருந்து தொண்ணூறுகள் வரை அதுதான் வழக்கம். அதற்கு முந்தியவற்றில் ரேடியம். டிரிட்டியத்தின் வீரியம் 12 வருடத்துக்கு ஒருமுறை பாதியாகும், ரேடியத்துக்கு அதே காரியத்துக்கு 1,600 வருடம் வேண்டும். ஆகவே ஐம்பதுகளின் மணிக்கூடு ஒன்று இருளில் ஒளிரவில்லை என்பதால் அதில் ரேடியம் செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ஒளிரும் பூச்சுத்தான் தேய்ந்திருக்கும், கதிர் இருக்கும். மூடி வைத்துக் கட்டுவதில் பயமில்லை. ஆனால் திறந்து அந்தப் பழுப்புப் பூச்சைச் சுரண்டக் கூடாது, தூள் மூச்சில் போனால் ஆபத்து. பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இதில் விளையாட்டு வேண்டாம்.

அடுத்தது கேஸ். பட்டி மாட்டுகிற காதுகளைப் பாருங்கள். புதிதில் ஓரங்கள் கத்தி போல நேராக இருக்கும். சக்கரத்தில் தேய்த்துத் தேய்த்துச் சவர்க்காரக் கட்டி போல உருண்டிருந்தால் பலமுறை பாலிஷ் பட்டிருக்கிறது. கீறல் இருந்தால் இருக்கட்டும். கீறல் விழுந்ததை விடத் தேய்ந்ததுதான் பெரிய நட்டம்.

பின்மூடியில் 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்' என்று எழுதியிருந்தால் நம்மவர்கள் முழுதும் ஸ்டீல் என்று சந்தோஷப்படுகிறார்கள். அது பின்மூடியை மட்டும் சொல்கிறது. மீதி பித்தளை, அதன்மேல் முலாம். நம்மூர் வியர்வைக்குக் காதுகளின் உட்பக்கம் அரித்துப் பச்சை பிடித்திருக்கும். மஞ்சளாக மின்னினால் '20 மைக்ரோன்' போன்ற எழுத்தைத் தேடுங்கள், அது முலாம். உண்மையான 18 கரட் என்றால் 750 என்ற முத்திரை இருக்கும். '17 ஜுவல்ஸ்' என்பதைப் பார்த்து உள்ளே மாணிக்கம் இருக்கிறது என்று நினைத்து விலை கேட்கிறவர்களும் உண்டு. மாணிக்கம்தான், ஆனால் செயற்கையாகச் செய்தது. அச்சுகள் தேயாமல் இருக்கத் தாங்கியாக வைப்பது, தனியாக விலை போகாது.

சீக்கோவின் வயதைக் கண்டுபிடிப்பது சுலபம். பின்மூடியின் தொடர் இலக்கத்தில் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். ஒக்டோபருக்கு சைபர், நவம்பருக்கு ஆங்கில 'என்', டிசம்பருக்கு 'டி'. 6119 மெஷின் போட்ட ஒரு சீக்கோவில் '2' அடுத்து 'என்' என்றால் 1972 நவம்பர். எந்தப் பத்தாண்டு என்பதை மெஷின் இலக்கத்திலிருந்து ஊகிக்க வேண்டும். பழைய ரொலெக்ஸில் இலக்கங்கள் காதுகளுக்கு நடுவே கேஸின் பக்கவாட்டில் இருக்கும். 12 மணிப் பக்கம் மாதிரி இலக்கம், 6 மணிப் பக்கம் தொடர் இலக்கம். பட்டியைக் கழற்றினால்தான் தெரியும். கழற்றிக் காட்ட மறுக்கிறவரிடம் ரொலெக்ஸ் வாங்காதீர்கள். பின்பக்கம் கண்ணாடி வைத்து மெஷின் தெரிகிற 'பழைய ரொலெக்ஸ்' காட்டினால் அது போலி என்று வைத்துக்கொண்டு, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்பி வாருங்கள்.

பிறகு காது. மணிக்கூட்டைக் காதோடு வைத்துக் கேளுங்கள். ஐம்பது அறுபதுகளின் பெரும்பாலான மெஷின்கள் மணிக்கு 18,000 தடவை, அதாவது செக்கனுக்கு ஐந்து தடவை அடிக்கும். சத்தம் சீராக இருக்க வேண்டும். நொண்டுவது போலக் கேட்டால் மெஷினுக்கு வேலை இருக்கிறது.

கடைசியாக, கரையோரத்தில் வாங்குகிறவர் கேட்டே ஆகவேண்டிய ஒரு கேள்வி: "2004 டிசம்பரில் இது எங்க இருந்தது?" சுனாமி அன்று கல்லடி, நாவலடி, மருதமுனை, கல்முனை என்று கரையோர வீடுகளின் அலுமாரிகள் கடல் தண்ணீருக்குள் கிடந்தன. வெளியே எடுத்துத் துடைத்து வைத்த மணிக்கூடு பார்வைக்கு நன்றாகவே இருக்கும். திறந்தால் ஸ்க்ரூக்களைச் சுற்றி வெள்ளை உப்பும், ஹெயார் ஸ்பிரிங் என்கிற மயிரிழை ஸ்பிரிங்கில் செம்மண் நிறத் துருவும். அப்படி ஒன்றை 4,000 ரூபா கொடுத்து வாங்கியிருக்கிறேன். விற்றவர் பொய் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. ஆனால் கேட்கிற விதத்தில் கேளுங்கள். அந்த அலுமாரிக்குச் சொந்தக்காரர் அன்றைக்கே போயிருக்கலாம்.

நான்காம் படி: திருத்துகிறவர் ஒருவரைப் பிடியுங்கள்

மணிக்கூட்டை விட முக்கியம் இவர். பற்றரி மாற்றுகிற கடைகள் நிறைய, மெஷினைக் கழற்றிக் கழுவி எண்ணெய் போடத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஐம்பது அறுபதைத் தாண்டிய ஒருவர், கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால், ஒற்றைக் கண்ணில் ஐ கிளாஸோடு இருந்தால் போய் உட்காருங்கள். நான் வழக்கமாகப் போகிற கடையில் ஒரு முஸ்லிம் பெரியவர் இருக்கிறார், 'நானா' (அண்ணன்) என்றுதான் கூப்பிடுவேன். முதல் நாள் நான் கொடுத்த ரோமரைத் திறந்துவிட்டு ஐ கிளாஸை என்னிடம் நீட்டினார். "தம்பி, இந்த ஸ்க்ரூட தலைய வடிவாப் பாருங்க. ஆரோ கத்தியால திறந்திருக்கான்." ஸ்க்ரூவின் வெட்டு ஒருபக்கம் நசுங்கி, கிழிந்த உதடு போல இருந்தது. பிறகு கழற்றிய பின்மூடியை வெளிச்சத்தில் சரித்துக் காட்டினார். உட்பக்கம் ஊசியால் கீறிய எழுத்துகள் மூன்று இடத்தில், மூன்று கையெழுத்தில். திருத்துகிறவர்கள் தாங்கள் பார்த்த திகதியை அப்படிக் கீறி வைப்பது பழைய பழக்கம். ஒன்றில் '8.64' என்று இருந்தது. நான் பிறக்க முதலே யாரோ ஒருவர் அதைக் கழுவி எண்ணெய் போட்டிருக்கிறார். நானா தன்னுடையதைக் கீறவில்லை. "இப்ப ஆரு பார்க்கிறது" என்றார். கீறச் சொல்லிக் கேட்டேன்.

அவரிடம் சொல்ல வேண்டியதைத் தெளிவாகச் சொல்லுங்கள்: "கழுவி எண்ணெய் மட்டும் போடுங்க. டயல், முள்ளு, கேஸ் ஒன்றையும் தொட வேணாம். கழற்றுகிற பழைய பாகம் எல்லாம் எனக்கு வேணும்." மூன்றாவது வசனம் முக்கியம். உடைந்த திருகியானாலும் அந்த நிறுவனத்தின் முத்திரை உள்ளதென்றால் ஒரு சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டு வையுங்கள். கண்ணாடி பிளாஸ்டிக் என்றால் கீறலைப் பற்பசையும் பஞ்சும் வைத்து நீங்களே தேய்த்து எடுக்கலாம். தேய்ப்பதற்கு நான் தருகிற ஒரே அனுமதி இதுதான்.

பழைய மெஷின் ஒரு நாளைக்கு அரை நிமிடம் முன்பின்னாக ஓடினால் சந்தோஷப்படுங்கள். நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை கழுவி எண்ணெய் போட்டால் போதும்.

ஐந்தாம் படி: வாவியும் கடலும்

ஒரு பக்கம் வாவி, மறு பக்கம் கடல், நடுவில் நாம். இரும்புக் கதவே நிற்காத இடத்தில் மயிரிழை ஸ்பிரிங் எப்படி நிற்கும்? மாரி தொடங்கும் ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை கூடுதல் கவனம் வேண்டும். காற்றுப் புகாத மூடியுள்ள ஒரு பெட்டி, அதற்குள் புதுச் சப்பாத்துப் பெட்டியில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போதும். ஈரம் இறங்கிய மணிக்கூட்டை அரிசிச் சாடிக்குள் புதைக்கிற வைத்தியம் வேண்டாம், தவிட்டுத் தூள் உள்ளே போகும். கண்ணாடியின் உட்பக்கம் பனி படர்ந்தால் அன்றைக்கே திருத்துகிறவரிடம் கொண்டு போங்கள். ஒரு கிழமை பிந்தினால் டயலில் புள்ளி விழும்.

பின்மூடியில் 'வாட்டர்ப்ரூஃப்' என்று இருந்தாலும் நம்பாதீர்கள். உள்ளே இருக்கிற ரப்பர் வளையத்துக்கு உங்கள் வயது இருக்கும். தோல் பட்டியை வெயில் காலத்தில் கழற்றிவிட்டு நைலோன் பட்டி போடுங்கள். ஸ்பீக்கர் பெட்டியின் மேல் மணிக்கூடு வைக்காதீர்கள், காந்தம் ஏறினால் நாளுக்குப் பல நிமிடம் ஓடிவிடும்.

ஆறாம் படி: இணையத்தில் வாங்குவது

சுருக்கமாகச் சொல்கிறேன், முதல் வருடம் வேண்டாம். இந்தியாவிலிருந்து கண்ணைப் பறிக்கிற நிறத்தில், வாய் பிளக்கிற மலிவில் எச்.எம்.டி., ஃபாவ்ரே லூபா, வெஸ்ட் எண்ட் வருகின்றன. எச்.எம்.டி. ஒரு காலத்தில் நல்ல மணிக்கூடு. சிட்டிசனின் உதவியோடு பெங்களூரில் 1961இல் தொடங்கியது. ஆனால் இணையத்தில் இப்போது வருவதில் பெரும்பகுதி பழைய மெஷினை எடுத்து மும்பையில் புது டயல் அடித்துப் பூட்டியது. சேர்க்கிறவர்கள் அவற்றை 'மும்பை ஸ்பெஷல்' என்று கேலியாகச் சொல்வார்கள். கட்டித் திரிய நல்லது, சேர்ப்பதற்கு இல்லை. விலையோடு சுங்க வரியையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

உள்ளூரில் முகநூல் வழியாக வாங்கினாலும் நேரில் பாருங்கள், விற்கிறவரின் பெயரோடு ஒரு துண்டு எழுதி வாங்குங்கள். களவுப் பொருளாக இருந்தால் நாளைக்குப் பொலிஸில் நிற்கப் போவது நீங்கள்.

ஏழாம் படி: காசு

இந்தப் பொழுதுபோக்கைச் சுற்றி நிற்கிற பணத்தைப் பற்றிக் கேட்டால் நம்மவர்கள் முதலில் சிரிப்பார்கள். பட்டேக் ஃபிலிப் என்கிற சுவிஸ் நிறுவனம் 1941இலிருந்து 1518 என்றொரு மாதிரியைச் செய்தது. மொத்தம் 281, அநேகமாக எல்லாம் தங்கம். ஸ்டீலில் அறியப்பட்டவை நான்கே. அந்த ஸ்டீல் ஒன்று 2016இல் ஜெனீவாவில் 1 கோடியே 10 இலட்சம் சுவிஸ் பிராங்குக்குப் போனது. ஸ்டீல் தங்கத்தை விட விலை என்று எங்கள் நகைக்கடைத் தெருவில் போய்ச் சொல்லிப் பாருங்கள்!

நடிகர் பால் நியூமனின் ரொலெக்ஸ் டேடோனாவின் கதை இன்னும் விசித்திரம். அவர் மனைவி வாங்கிக் கொடுத்தது, பின்மூடியில் 'கவனமாக ஓட்டு' என்ற பொருளில் எழுத்து. அந்த வகை டயல் அறுபதுகளில் யாருக்கும் பிடிக்காமல் கடைகளில் தேங்கிக் கிடந்தது. 2017 ஒக்டோபரில் நியூயோர்க் ஏலத்தில் சுத்தியல் விழுந்தது 1 கோடியே 55 இலட்சம் டொலரில். ஏல நிறுவனத்தின் கட்டணமும் சேர்ந்தபோது 1 கோடியே 77 இலட்சத்து 52,500. நடுவில் இருக்கிற 22 இலட்சத்துச் சொச்சத்தைக் கவனியுங்கள். ஏல விலை என்று செய்தியில் வருவதற்குள் நடுவிலிருப்பவரின் பங்கும் இருக்கிறது. விற்கிறவர் கைக்கு அந்தத் தொகை வருவதில்லை.

2022இல் என் நண்பன் ஒருவன் தன்னிடமிருந்த ஒமேகாவின் விலை ஆறு மாதத்தில் கிட்டத்தட்ட இரட்டித்துவிட்டது என்று கணக்குக் காட்டினான். டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்குப் போன வருடம் அது. மணிக்கூடு ஏறவில்லை மச்சான், ரூபா இறங்கியது என்றேன். உலகச் சந்தையில் பிரபல மாதிரிகளின் விலை அந்த ஆண்டின் தொடக்கத்தில் உச்சம் தொட்டு, அதற்குப் பிறகு இறங்கத் தொடங்கியிருந்தது. அவன் நம்பவில்லை. விற்கப் போனபோதுதான் தெரிந்தது, மட்டக்களப்பில் அந்த விலைக்கு வாங்க ஆளே இல்லை. கொழும்புக்குப் போனான். ஒரு பவுண் தங்கத்தை வைத்திருந்தால் காலையில் காத்தான்குடிக்குப் போய்ப் பகல் சாப்பாட்டுக்கு முதல் காசோடு திரும்பலாம். மணிக்கூட்டுக்கு அந்த வசதி கிடையாது. ஆகவே நகையை அடகு வைத்தோ சீட்டுக் காசிலோ மணிக்கூடு வாங்காதீர்கள். முதல் வருடத்துக்கு மொத்தமாக 20,000 ரூபா ஒதுக்குங்கள், அதில் பாதி திருத்துகிறவருக்கு.

விலை பேசுவதிலும் ஒரு விஷயம். நம்மூர் சின்ன ஊர். புருஷனை இழந்த ஒரு அம்மா விலை தெரியாமல் 2,000 கேட்டால், அது இலட்சம் பெறும் என்று உங்களுக்குத் தெரிந்தால், சொல்லிவிடுங்கள். சொன்ன பிறகும் நியாயமான விலைக்குத் தருவார்கள், அடுத்த அலுமாரியையும் திறப்பார்கள். சொல்லாமல் வாங்கினால், மாமாங்கத் திருவிழாவில் அவருடைய மகனை முகத்துக்கு முகம் சந்திக்க வேண்டி வரும்.

கடைசிப் படி: ஒரு கொப்பி

ஒவ்வொரு மணிக்கூட்டுக்கும் ஒரு பக்கம். எந்த இலக்கம், யாரிடம், எவ்வளவு, எப்போது கழுவியது. என் கொப்பியில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது:

"சீக்கோ 5, மெஷின் 6119, 1972 நவம்பர். கல்முனை, ஓய்வுபெற்ற தபாற்காரர் ஒருவரிடம். 6,500 ரூபா. ஜித்தாவில் வேலை செய்த தம்பி கொடுத்ததாம். கிழமை அரபி. கண்ணாடியில் குறுக்கே ஒரு கீறல், சைக்கிளால் விழுந்தபோது வந்தது என்றார். கழுவி எண்ணெய் 2,500. நாளுக்கு 25 செக்கன் முந்துகிறது. கீறலை எடுக்கவில்லை."

கொப்பி எந்த லாச்சியில் இருக்கிறது என்று வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள்.